சிவப்புக் கயிற்றின் இன்னொரு முனை

போன மாதம் ஓர் அண்ணன் 15 குதிரைசக்தி யமஹா படகு எஞ்சினைப் பழைய கஞ்சில் காரின் பின்பெட்டியில் படுக்கப் போட்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கார்பரேட்டர் அடைப்பு. பெட்ரோலை உள்ளே விட்டு மூன்று மாதம் ஓட்டாமல் வைத்தால் வரும் வழக்கமான நோய். தூக்கி ஸ்டாண்டில் மாட்டும்போதுதான் எஞ்சினின் முன்முகத்தைப் பார்த்தேன். சிவப்பு ஸ்டாப் பொத்தானுக்குப் பின்னால், ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றின் கிளிப் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு பைப் துண்டு. பாதியாக அறுத்து, வளையம்போல் சொருகி, கழன்றுவிடாமல் தூண்டில் நரம்பால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். நரம்பு கறுத்துப்போய் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது.

"இது என்னண்ணே?"

"கயிறு தொலைஞ்சி ரெண்டு வருஷம் ஆச்சி. இது நல்லாத்தான் ஓடுது லா."

ஓடுவதில் சந்தேகமில்லை. நிற்குமா என்பதுதான் என் கேள்வி. அவர் விழுந்தால் நிற்குமா என்று கேட்டேன். "நான் ஏன் விழறேன்?" என்று சிரித்தார்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங். செம்பனைத் தோட்டங்களுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா செம்பனை மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் புல்வெட்டி மெஷின், மருந்தடிக்கும் பம்ப், படகு எஞ்சின் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பழுது பார்த்தார். அவருக்குப் பிறகு பட்டறை என் கைக்கு வந்தது. வாரநாளில் புல்வெட்டிதான் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் படகு எஞ்சின்கள் வரிசைகட்டும், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை உடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் பிடிக்கப் போகிறவர்களுடையது. 14 அடி, 16 அடி ஃபைபர் படகு, பின்னால் 15 குதிரை எஞ்சின், இரண்டு மூன்று பேர், ஒரு ஐஸ் பெட்டி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அறிந்தும் மாட்ட மாட்டார்கள், அது வேறு கதை.

ஏன் மாட்ட வேண்டும்

மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய கைக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. கையை எடுத்தால் எண்ணெய் தானாகக் குறைந்துவிடும் என்று. படகு எஞ்சினின் கைப்பிடி அப்படி இல்லை. முறுக்கிய இடத்திலேயே நிற்கும். மணிக்கணக்கில் பிடித்திருக்க வேண்டியதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். போதாததற்கு, கை வலிக்கிறது என்று அதிலுள்ள இறுக்கும் ஸ்க்ரூவை நம் ஆட்கள் இன்னும் கொஞ்சம் திருகி வைத்துவிடுவார்கள். அதனால் ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தபிறகும் எஞ்சின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிடிக்கக் கையில்லாத எஞ்சின் நேராகவும் போகாது. கிப்பாஸ், அதாவது தண்ணீரைத் தள்ளும் விசிறி, சுற்றுகிற விசையே கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளிவிடும். அது கோடிவரை திரும்பி அங்கேயே நிற்கும். படகு வட்டமடிக்கத் தொடங்கும். வட்டம் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் என்று அர்த்தம். விழுந்தவர் அந்த இடத்தில்தான் இருக்கிறார்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். மூன்று இலை கிப்பாஸ் நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றினால் ஒரு நொடியில் 160 வெட்டு. செம்பனைக் குலையை ஒரே போடில் இறக்கும் ஆள்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. சில வருடங்களுக்கு முன், சீனப் பெருநாள் விடுமுறை. கடை எல்லாம் சாத்தியிருந்தது, பட்டறையிலும் வேலை இல்லை. தம்பி படகை எடுத்தான். முன்னால் நானும் அவன் மகனும். மருமகனுக்கு அப்போது 11 வயது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஏறும் தண்ணீர் நீப்பா பனை மட்டை, கட்டை, தேங்காய் எல்லாவற்றையும் கரையிலிருந்து அள்ளிக்கொண்டு வரும். தம்பி படகின் விளிம்பில் ஒரு தொடையை வைத்து, முன்னால் என்ன மிதக்கிறது என்று எட்டிப் பார்த்தபடி ஓட்டினான். மிதந்ததை எல்லாம் பார்த்தான். முக்கால்வாசி மூழ்கியிருந்த கட்டையைப் பார்க்கவில்லை. எஞ்சின் அதில் இடித்து எகிறியது. கைப்பிடி ஒரு உதறு உதறியது. திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் ஆளைக் காணோம்.

படகு ஒரு பக்கம் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தது. பையனின் லைஃப் ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்றில் தம்பியின் தலையைத் தூரத்தில் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் கை நீட்டினால் தொடலாம். அவன் கத்தியது கேட்கவில்லை, வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. பையனை ஐஸ் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, நான்கு காலில் பின்னால் ஊர்ந்தேன். பத்தடி தூரம்தான். சுற்றுகிற படகில் அந்தப் பத்தடியில் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. கையில் முதலில் கிடைத்தது சிவப்புக் கயிறு. இழுத்தேன். எஞ்சின் அடங்கியது.

தம்பிக்கு ஒரு செருப்பு போனதோடு சரி. பெர்ணத்தில் முதலை இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் அப்போது நினைவுக்கே வரவில்லை, வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறொன்று. கயிறு இருந்தது. நல்ல கயிறு, நானே வாங்கிக்கொடுத்தது. ஒரு முனையின் கிளிப் சரியாக ஸ்டாப் பொத்தானில். இன்னொரு முனையின் கொக்கி? எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் பிடியில் அழகாக மாட்டியிருந்தது. இரண்டு முனையும் எஞ்சினிலேயே.

எங்கே மாட்டுவது

என் தேர்வு தொடை. முழங்காலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, கொக்கியை அதே கயிற்றில் மாட்டிவிடுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் காலாகப் பார்த்து மாட்டினால் கயிறு கியர் பிடியின் மேலோ கைப்பிடியின் மேலோ குறுக்கே கிடக்காது. அடுத்தபடி லைஃப் ஜாக்கெட்டில் உள்ள உலோக வளையம். ஜாக்கெட்டைப் பூட்டிப் போட்டிருந்தால் மட்டும். திறந்து தொங்கவிட்ட ஜாக்கெட்டில் மாட்டுவதும் மாட்டாததும் ஒன்றுதான்.

மணிக்கட்டில் மாட்டுகிறவர்கள் உண்டு. தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் இறால் பிடிக்கிற கை எந்நேரமும் வழவழப்பாக இருக்கும், தளர்வாக இருந்தால் வளையம் கையோடு வராது.

மாட்டக்கூடாத இடங்களை நேரில் பார்த்தபடி சொல்கிறேன். சட்டைப் பொத்தான் ஓட்டை. கால்சட்டையின் பெல்ட் பட்டி, அது பழைய துணி என்றால் கிழிந்துவிடும். கைலி மடிப்பு. ஒரு பெரியவர் கைலி மடிப்பில் கொக்கியைச் சொருகிக்கொண்டு வந்தார். "ஐயா, நீங்கள் விழுந்தால் கைலியும் கயிறும் படகிலேயே இருக்கும்" என்றேன். அவரோடு வந்த பேரன் சிரித்த சிரிப்பில் அன்றைக்கே புதுக் கொக்கி வாங்கினார்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிக் கயிறு சுருள்சுருளாக இருக்கும், இழுத்தால் நாலிலிருந்து ஐந்தடி வரும். அந்த அளவை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் திரும்பலாம், குனியலாம், படகை விட்டு விழுந்தால் கிளிப் கழன்றுவிடும். உங்கள் படகுக்கு அதிகம் என்று தோன்றினால் ஒரு முடிச்சுப் போட்டுக் குறைக்கலாம். நைலான் கயிறு கட்டி நீளமாக்காதீர்கள். முன்னால் போய் நங்கூரம் தூக்க வசதி என்று ஒருவர் எட்டடி கட்டியிருந்தார். நங்கூரம் தூக்கும்போது எஞ்சின் ஓடவே கூடாது. கயிறு எட்டாத இடத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்.

இழுத்துப் பார்த்தீர்களா

மாட்டுகிறவர்களுக்கும் தெரியாத சங்கதி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் விளக்கின் வயர் அறுந்தால் விளக்கு அணைந்துவிடும். அதனால் வயர் அறுந்தால் எதுவும் நின்றுவிடும் என்று மனதில் பதிந்திருக்கிறது. கயிறிழுத்து ஸ்டார்ட் செய்யும் பெரும்பாலான படகு எஞ்சினில் கதை தலைகீழ். அங்கே பாட்டரி கிடையாது. சுற்றும் சக்கரமே பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை அணைக்க வேண்டுமானால் அந்த மின்சாரத்தை ஸ்பார்க் பிளக்குக்குப் போகவிடாமல் எஞ்சினின் உடம்பில் இறக்கிவிட வேண்டும், எர்த் ஆக்குகிறோம் என்போமே, அது. ஸ்டாப் சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். கிளிப் உள்ளே இருக்கும்வரை இரண்டு வயரும் தொடாது, எஞ்சின் ஓடும். கிளிப் கழன்றதும் ஸ்பிரிங் பொத்தானை உள்ளே இழுக்கும், இரண்டு வயரும் சேரும், பொறி செத்துவிடும்.

அப்படியானால் அந்த வயர் அறுந்துபோனால்? துருப்பிடித்துப்போனால்? யாராவது பிடுங்கிவிட்டால்? சேர வேண்டிய இரண்டும் சேராது. கிளிப்பை இழுத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இழுக்கும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக ஓடுகிறது, கயிறு தொடையில் இருக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

யார் பிடுங்குவார்கள் என்று கேட்பீர்கள். பிடுங்குவார்கள். உப்புத் தண்ணீர் சுவிட்சுக்குள் இறங்கினால் சில நேரம் உள்ளே தானாகவே தொடர்பு உண்டாகி, எஞ்சினில் பொறியே வராது. ஆற்று நடுவில் அப்படி மாட்டிக்கொண்டவர், விஷயம் தெரிந்தவராக இருந்தால், மூடியைத் திறந்து ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டு வீடு வந்து சேருவார். அதில் தப்பில்லை, நானும் அதைத்தான் செய்வேன். வந்தபிறகு திரும்ப மாட்டுவதில்லை, அங்கேதான் தப்பு. சோக்கை இழுத்து எஞ்சினை மூச்சுத் திணறவைத்து நிறுத்தப் பழகிக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து எஞ்சினை மச்சானுக்கு விற்பார்கள். மச்சானுக்கு என்ன தெரியும்?

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. நான் ஊரில் இல்லாத ஒரு வாரம் தம்பி எஞ்சினை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனான். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொடுத்தான், ஸ்டார்ட் ஆகிறது என்று கொடுத்தார்கள். நான் வந்து மூடியைத் திறந்தால் ஸ்டாப் வயர் கழற்றி, டேப் சுற்றி, ஓரமாக மடித்துச் சொருகியிருக்கிறது. வேலை சுத்தம், டேப்கூட ஒழுங்காகச் சுற்றியிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டையில் இடித்த அந்த நாளுக்கு முன்பாக இது நடந்திருந்தால் நான் இழுத்த கயிறு வெறும் கயிறுதான்.

அதனால் ஒவ்வொரு முறையும், ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகின் கட்டு அவிழ்ப்பதற்கு முன், எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் மெதுவாக ஓடவிட்டு, கிளிப்பைப் பிடுங்குங்கள். பொத்தானை அமுக்கி அல்ல, கயிற்றை இழுத்து. பொத்தான் வேலை செய்து கயிறு வேலை செய்யாத எஞ்சினையும் பார்த்திருக்கிறேன். உடனே நிற்க வேண்டும். இரண்டு மூன்று நொடி இழுத்துக்கொண்டு நின்றாலும் அன்றைக்குப் படகு எடுக்காதீர்கள். சிலர் "எஞ்சினுக்குக் கெடுதி இல்லையா" என்று கேட்கிறார்கள். மெதுவாக ஓடும்போது செய்தால் ஒரு கெடுதியும் இல்லை.

வீட்டில் பார்ப்பதானால் நீல டிரம்மைப் பாதியாக வெட்டி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும்.

இழுத்தும் நிற்கவில்லை என்றால் சோக்கை முழுவதும் இழுங்கள், பெரும்பாலும் அடைத்து நின்றுவிடும். இல்லையென்றால் பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள், கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடி நிற்கும். ஓடுகிற எஞ்சினில் ஸ்பார்க் பிளக் வயரைக் கையால் பிடுங்கப் போகாதீர்கள். அப்பா ஒருமுறை பிடுங்கினார். அன்று முழுக்கக் கை மரத்துப் போயிருந்தது, அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

நின்றபிறகு பழுதைத் தேடுவது கடினமில்லை. மல்டிமீட்டர் இருந்தால் சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயரையும் இணைப்பில் கழற்றுங்கள். யமஹாவில் வெள்ளையும் கறுப்பும், மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும். மீட்டரைத் தொடர்பு பார்க்கும் இடத்தில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். கிளிப் உள்ளே இருக்கும்போது மீட்டர் கத்தக் கூடாது. கிளிப்பை எடுத்ததும் கத்த வேண்டும். கிளிப் இருக்கும்போது பொத்தானை அமுக்கினாலும் கத்த வேண்டும். மூன்றும் சரியென்றால் சுவிட்ச் நல்லது, கோளாறு வயரிலோ இணைப்பிலோ எர்த்திலோ இருக்கிறது. கிளிப்பை எடுத்தும் கத்தவில்லை என்றால் முதலில் பொத்தான் சிக்கியிருக்கிறதா பாருங்கள். உப்பும் சேறும் காய்ந்து பூட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பலமுறை அமுக்கிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் சுவிட்சை மாற்றுங்கள், பிரித்து ஒட்டவைக்காதீர்கள். ஒரு நாள் ஒட்டியிருக்கும்.

எல்லா எஞ்சினும் இந்த வகை இல்லை. பாட்டரியோடு வரும் பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் தொடர்பு பிரிந்தால்தான் நிற்கும். உங்களுடையது எது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இழுத்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பொது.

இரண்டாவது கிளிப்

ஒருவர் விழுந்தார், கயிறு வேலை செய்தது, எஞ்சின் நின்றது. நல்லது. இப்போது கிளிப் எங்கே? விழுந்தவரின் தொடையோடு தண்ணீரில். படகில் இருப்பவர்கள் எஞ்சினை எப்படி ஸ்டார்ட் செய்வார்கள்? தண்ணீர் இறங்கும் நேரம் என்றால் படகு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று விலகிக்கொண்டே போகும்.

அதனால் கிளிப் இரண்டு வேண்டும். இரண்டாவதை ஒரு துண்டு மஞ்சள் கயிற்றில் கட்டி, பின்பலகைக்கு அருகில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். கருவிப் பெட்டிக்குள் போட்டால் அந்த நேரத்தில் கிடைக்காது. வாங்கும்போது பழைய கிளிப்பையோ எஞ்சினின் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள். யமஹா கிளிப் தொகாட்சுவில் சரியாக உட்காராது, மெர்குரி, சுசுகி, ஹோண்டா ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஐந்தாறு வடிவங்களைக் கொத்தாகக் கோத்து விற்கும் பொதுக் கிளிப்பும் கிடைக்கிறது. பார்க்க வசதிதான், ஆனால் சில எஞ்சினில் தளர்வாக உட்காரும், அலையில் குதித்தாலே கழலும். ஒரிஜினல் கிளிப்பின் விலை இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிடும் காசு.

கிளிப் எதுவுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால், பொத்தானை வெளியே இழுத்துப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கிச் சுற்றினால் எஞ்சின் எடுக்கும். ஆமாம், கஞ்சில்கார அண்ணன் செய்த அதே வேலைதான். கரை சேரும்வரை மட்டும்.

படகில் ஏறும் ஒவ்வொருவரும், சின்னப் பிள்ளை உட்பட, அந்தச் சிவப்புப் பொத்தானை ஒருமுறை தன் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் போய் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது இப்போது சட்டம். திரும்பிப்போய் ஆளைத் தூக்கும்போது மெதுவாக நெருங்குங்கள், கடைசி சில அடிக்கு எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் போங்கள். நியூட்ரலில் இருக்கிறதே என்று நம்பி ஆளைப் பின்பக்கமாக ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. முழு வேகத்தில் போகும்போது விளையாட்டுக்குக் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள். படகு சட்டென்று அமுங்கும், முன்னால் இருப்பவர்கள் முன்னாலேயே போவார்கள், நம் படகு கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே ஏறும்.

வெளியூர் சமாச்சாரம்

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் இது சட்டம். 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரையும் அதற்கு மேலும் சக்தியுள்ள படகை வேகமாக ஓட்டும்போது, நிறுத்தும் கருவி பொருத்தியிருந்தால் ஓட்டுகிறவர் அதை மாட்டியே ஆக வேண்டும். ஜெட்டியில் கட்டும்போதும் ஊர்ந்து போகும்போதும் தேவையில்லை என்று விலக்கு. நியாயமான விலக்குதான், ஆனால் என் தம்பி மாதிரி ஆளுக்கு விலக்கு எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

இங்கிலாந்தின் பாட்ஸ்டோவில் 2013 மே 5-ஆம் தேதி, மில்லி என்ற படகில் போன ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகத் திருப்பத்தில் தண்ணீரில் வீசப்பட்டார்கள். கயிறு யார்மேலும் மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச்சுற்றி அவர்கள் மேலேயே வந்தது. அப்பாவும் எட்டு வயது மகளும் இறந்தார்கள், மற்றவர்களுக்குக் காயம். வேறு படகில் வந்த ஒருவர் தாவி ஏறித்தான் அதை நிறுத்தினார். எங்கள் படகில் பின்னால் ஊர்ந்து போக நான் இருந்தேன். அங்கே படகில் ஒருவரும் இல்லை.

கயிறே இல்லாத கருவியும் வந்துவிட்டது. நார்வேயின் ஃபெல் மரீன் கம்பெனியின் எம்ஓபி பிளஸ் அப்படி ஒன்று. கையில் கட்டிய சின்ன வில்லை எஞ்சினோடு ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் பேச்சு அறுந்து எஞ்சின் நின்றுவிடும். பெரிய படகில் எழுந்து நடமாடுகிறவர்களுக்கு நல்ல சாமான். ஆனால் அதன் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும், நம் 15 குதிரையில் பாட்டரியே இல்லை. நமக்குக் கயிறுதான்.

வீட்டுக்கு வந்தபிறகு

வெயிலில் கிடந்த கயிறு ஒரு வருடத்தில் வெளுக்கும், சுருள் விறைத்துப்போகும், அப்புறம் கிளிப்பின் உதட்டில் தலைமுடி போல ஒரு கீறல் விழும். நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குப் படாதது நகத்துக்குப் படும். கீறல் இருந்தால் தூக்கி எறியுங்கள். கொக்கியின் ஸ்பிரிங் துருவேறி மூடாமல் நின்றாலும் அப்படியே. மற்றபடி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் போதும்.

எஞ்சினிலேயே தொங்கவிடாதீர்கள். கயிறு கூடவே இருந்தால் யார் வேண்டுமானாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம், ஜெட்டியில் விளையாடும் பிள்ளைகளும்தான். ஸ்டார்ட் ஆகவில்லை என்று பட்டறைக்கு எஞ்சினைத் தூக்கி வருகிறவர்களில் சிலர் கிளிப்பை வீட்டில் மறந்தவர்கள். அவர்களிடம் கூலி வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

தம்பி வீட்டில் நாத்தனார் முறையில் நானும் அவன் மனைவியும் பல விஷயத்தில் ஒத்துப்போவதில்லை, இதில் ஒத்துப்போனோம். வாசல் நிலையில் மோட்டார் சைக்கிள் சாவி தொங்கும் ஆணியிலேயே கயிற்றையும் மாட்டிவைத்தாள். போன ஞாயிறு மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனதால் தம்பி ஆணிப் பக்கம் பார்க்கவில்லை. ஜெட்டியில் இறங்கி, ஐஸ் பெட்டியை ஏற்றி, எஞ்சினை இறக்கியபிறகு தொடையைத் தடவியிருக்கிறான். இரண்டாவது கிளிப் மஞ்சள் கயிற்றில் கண்ணெதிரே தொங்குகிறது, அதை மாட்டிப் போயிருக்கலாம். பையன் பார்த்துக்கொண்டு நின்றானாம். நாலு மைல் தூரம் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பிப் போவதற்குள் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் சார்டின் சம்பல்.